தரை தொட்ட பின்னர்

"விபத்து" என்னும் சொல்லை நாம் மிக எளிதாகக் கையாளுகிறோம். கையிலிருந்து கண்ணாடிக் குவளை நழுவினாலும் விபத்து. ஓர் உயிர் போனாலும் விபத்து. அச்சொல்லைச் சொல்லிவிட்டால் மேலே கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் பேச்சு அடங்கிவிடுகிறது. அறநெறி ஆய்வுக்கோ அங்கேதான் வேலை தொடங்குகிறது. நடந்ததை அவர் விரும்பவில்லை என்பது உண்மை. விரும்பாத ஒன்றுக்கு ஒருவர் எவ்வளவு பொறுப்பாவார்? அந்த அளவை எதைக் கொண்டு அளப்பது?

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் நூல்களில் இதற்கென்றே ஒரு வேடன் இருந்தான். புதரில் ஏதோ அசைகிறது. மான் என்று எண்ணிச் சுடுகிறான். விழுந்தது மனிதன். தலைமுறை தலைமுறையாகக் குருமாணவர்கள் அந்த வேடனை விசாரித்து வருகிறார்கள். அவன் இன்னும் காட்டைவிட்டு வெளியே வந்தபாடில்லை. நல்ல எடுத்துக்காட்டுதான். ஆயினும் ஆண்டுக்கணக்காகப் புழங்கித் தேய்ந்துபோனது. அதனினும் கூர்மையான ஒன்று பனி நாடுகளில் கிடைக்கிறது. சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குப் பலகை பூட்டிய சிறு விமானங்கள் வெண்பனித் தரையில் சந்திக்கும் விபத்துகளைக் குறிப்பிடுகிறோம். இவை வானத்தில் நேர்பவை அல்ல. பறந்து முடித்து, நலமாக இறங்கி, "அப்பாடா" என்று மூச்சுவிட்ட பின்னர் தரையிலே நேர்பவை.

பனியைப் படங்களில் மட்டுமே கண்ட நம்மில் பலருக்குச் சிறிது விளக்கம் தேவைப்படும். வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள அலாஸ்காவிலும், கனடாவின் வடபகுதியிலும், சாலையே எட்டாத ஊர்கள் பல உள்ளன. குளிர்காலத்தில் அங்கே ஆறும் ஏரியும் உறைந்து கிடக்கும்; அவையே ஓடுதளம். மலைகளில் பனியாறுகளே ஓடுதளம். சக்கரம் வெண்பனியில் புதைந்துவிடும் என்பதால், நீண்டு முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த பலகைகளை விமானத்தின் காலில் பூட்டுகிறார்கள். பைப்பர் சூப்பர் கப், செஸ்னா 185, டி ஹாவிலண்ட் பீவர் முதலிய ஒற்றை எஞ்சின் விமானங்கள் இவ்வேலைக்குப் பேர்போனவை. அஞ்சல், மருந்து, மண்ணெண்ணெய், நோயாளி, மலையேறுவோர் என எதையும் எவரையும் சுமப்பவை அவை.

இந்த ஊர்தியின் வரலாறே தரைவிபத்தோடு தொடங்குகிறது எனலாம். 1924 பிப்ரவரி 21 அன்று கார்ல் பென் ஐல்சன் என்னும் இளம் விமானி, சறுக்குப் பலகை பூட்டிய டிஹெச்-4 விமானத்தில், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து மெக்கிராத் என்னும் ஊருக்கு அஞ்சல் கொண்டு சென்றார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு இரு வாரங்களுக்கு மேல் பிடிக்கும் வழியை மூன்று மணி நேரத்துக்குள் கடந்தார். ஊரே கொண்டாடியது. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. இறங்குகையில் சறுக்குப் பலகையும் சுழல்விசிறியும் உடைந்தன. அவருக்கு ஒன்றுமில்லை. தொடர்ந்து பறந்தார். எட்டுப் பயணங்கள் முடிவதற்குள் மூன்று முறை இப்படித் தரையிலே சேதம் நேர்ந்தது. பாராட்டுரைகளோடு அஞ்சல்துறை அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. வானத்தை வென்றவரைத் தரை வென்றது.

அவருடைய திறமைக்குறைவு அதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை. சறுக்குப் பலகையின் இயல்பு அப்படி. முதலாவது, அதற்குப் பிரேக் கிடையாது. பனியின் உராய்வு ஒன்றே விமானத்தை நிறுத்த வேண்டும். பளிங்குபோல் இறுகிய பனிக்கட்டியில் அந்த உராய்வும் இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாலே விமானம் தன்போக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். திருப்புவதற்கும் பெரிய வட்டம் வேண்டும். ஒரு பக்கக் காற்று வாலைப் பிடித்துத் தள்ளினால், முன்னால் இருப்பது மரமானாலும் மற்றொரு விமானமானாலும் போய் மோத வேண்டியதுதான். பனிமேட்டில் பலகையின் நுனி சிக்கினால் விமானம் மூக்குக் குப்புற விழும்.

இரண்டாவது இயல்பு இதற்கு நேர்மாறானது. பலகை ஓடும்போது உராய்வினால் அடியிலுள்ள பனி மெல்லிய நீர்ப்படலமாகிறது. நின்றதும் அந்நீர் உறைந்து பலகையைப் பனியோடு ஒட்டிவிடுகிறது. ஓடும்வரை நிற்க மறுத்த ஊர்தி, நின்ற சிறிது நேரத்தில் நகர மறுக்கிறது. பழகிய விமானிகள் இதற்கு வழிகள் கண்டிருக்கிறார்கள். இறங்கிய தடத்திலேயே ஒன்றிரண்டு முறை ஊர்ந்து பனியை இறுக்குவர். நிறுத்தும் இடத்தில் மரக்கிளைகளையோ பலகைகளையோ சாக்குகளையோ பரப்பி, அவற்றின்மேல் ஏற்றி நிறுத்துவர். அப்படியும் ஒட்டிக்கொண்டால், கயிறு ஒன்றைப் பலகையின் அடியில் நுழைத்து இருபுறமும் பற்றி ரம்பம்போல் இழுத்து அறுப்பர். வாலை இடமும் வலமும் அசைப்பர். இறக்கையைத் தாங்கும் சாய்கம்பத்தைப் பிடித்துக் குலுக்குவர்.

நம் கேள்வி பிறக்கும் இடம் இதுதான். குலுக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். விமானி உள்ளே அமர்ந்து எஞ்சினை முடுக்க, வெளியே ஒருவர் தள்ளிக் குலுக்கி விடுவிக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் யார்? ஏரிக்கரையில் நிற்கும் ஊர்க்காரர், இறங்கிய பயணி, உதவ வேண்டும் என்ற நல்ல மனத்தோடு ஓடிவந்தவர். சுழல்விசிறி வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்குப் புலப்படுவதில்லை; பின்னால் வெண்பனி மட்டுமே தெரியும். குளிருக்காகப் போர்த்திய தலைமூடி காதையும் பக்கப் பார்வையையும் மறைக்கிறது. காலடியோ வழுக்கல். பலகை சட்டென்று விடுபட்டால் விமானம் முன்னே பாய்கிறது. உதவ வந்தவர் நிலைதடுமாறும் அந்த ஒரு நொடியில் விசிறிக்கும் அவருக்கும் இடையே ஒரு கை நீளம்தான் இருக்கிறது.

தனியாக இருக்கும் விமானிக்கு மற்றொரு சோதனை வருகிறது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத் தாமே கீழிறங்கி வாலை அசைத்துப் பார்க்கிறார். பலகை விடுபடுகிறது; பிரேக் இல்லாத விமானம் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது. இப்படி ஆளின்றி ஓடி மரத்தில் மோதிய விமானங்கள் உண்டு. கேட்பதற்கு நகைப்பாகவும் இருக்கும். அருகில் சிறுவன் ஒருவன் நின்றிருந்தால் நகைப்புக்கு இடமிராது. விசிறியைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் பழைய விமானங்களில் இவ்வபாயம் இன்னும் அதிகம். ஆகவேதான், வாலைக் கயிற்றால் மரத்தில் கட்டாமல், உள்ளே அறிந்த ஒருவரை அமர்த்தாமல், விசிறியைத் தொடாதே என்பது அத்தொழிலின் பழைய பாடம்.

திருவிவிலியத்தின் இணைச்சட்டம் 19-ஆம் அதிகாரத்தில் மரம் வெட்டச் சென்ற இருவரைக் காண்கிறோம். ஒருவன் ஓங்கிய கோடரியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து அடுத்தவன்மேல் பட, அவன் இறந்துபோகிறான். வெட்டியவனுக்கு முன்பகை இல்லை. அவன் ஓடிப் பிழைப்பதற்கென அடைக்கல நகர்களைச் சட்டம் ஏற்படுத்தித் தருகிறது. விபத்தைக் கொலையிலிருந்து இவ்வளவு தெளிவாகப் பிரித்த பழஞ்சட்டம், விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் மற்றொன்றையும் சொல்கிறது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் உரிமையாளன் குற்றவாளி அல்லன். ஆனால் அந்த மாடு முன்பே முட்டும் மாடாக இருந்து, உரிமையாளனுக்கு அது எச்சரிக்கப்பட்டிருந்தும் அவன் கட்டிவைக்கவில்லையெனில், குற்றம் அவனையே சேரும். அதே மாடு, அதே கொம்பு, அதே சாவு. இடையில் ஓர் எச்சரிக்கை வந்துவிட்டது என்பதே வேறுபாடு.

சறுக்குப் பலகை முன்பே முட்டிய மாடு. நூறாண்டுகளாக அது ஒட்டிக்கொள்வதை, ஓடிவிடுவதை, விசிறியால் வெட்டுவதை அத்தொழிலில் இருப்போர் எல்லாரும் அறிவர். முதன்முதலில் அதனால் அடிபட்டவர் விபத்தில் அடிபட்டார் என்று ஐயமின்றிச் சொல்லலாம். இன்று அடிபடுபவரைப் பற்றி அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்ல முடியுமா?

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'சும்மா தெயோலோஜியே' என்னும் நூலில் (பெயரைப் பார்த்துச் சும்மா எழுதியது என்று எண்ண வேண்டா, ஆயிரக்கணக்கான பக்கங்கள்) தற்செயலாக நேரும் சாவைப் பற்றித் தனியாக ஆய்கிறார். தற்செயல் என்பது தன்னளவில் விருப்பத்தின் செயலன்று. ஆதலால் அது பாவமாகாது என்று தொடங்குகிறார். அதோடு நிறுத்துவதில்லை. விலக்க வேண்டிய கடமையுள்ள ஒன்றை விலக்காமல் விட்டவர், அதிலிருந்து விளைவதை நேராக விரும்பாவிடினும் ஒருவகையில் விரும்பியவராகவே கருதப்படுவார் என்று வாதத்தை நீட்டுகிறார். பின்வந்த அறநெறி நூலோர் இதைக் காரணத்தில் விருப்பம் என்று பெயரிட்டு வழங்கினர். விளைவில் விருப்பமில்லை, விளைவைப் பெற்றெடுத்த காரணத்தில் விருப்பம் இருந்தது. குடித்துவிட்டு வண்டியோட்டுபவர் எவரையும் இடிக்க விரும்புவதில்லை. குடிக்க விரும்பினார் அல்லவா?

இதைப் பனித்தரைக்குக் கொண்டுவந்தால் விடை எளிதாகத் தோன்றும். ஆள் இறங்குமுன் எஞ்சினை அணைத்திருக்க வேண்டும், அணைக்கவில்லை, ஆகவே குற்றம். இப்படித் தீர்ப்பெழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். வெப்ப நாட்டில் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பெழுதுவது எளிது.

விமானி ஏன் அணைக்கவில்லை? பெரும்பாலும் சோம்பலால் அன்று. கடுங்குளிரில் அணைத்த எஞ்சின் திரும்பக் கிளம்பாமற் போகலாம். எண்ணெய் தேன்பாகுபோல் கெட்டியாகிவிடும். 1920-களிலும் 1930-களிலும் அலாஸ்கா விமானிகள் இரவானதும் எஞ்சினிலிருந்த எண்ணெயைச் சுடச்சுட வடித்தெடுத்துக் குடிசைக்குள் கொண்டுபோய் வைப்பர். காலையில் அதை அடுப்பில் காய்ச்சுவர். எஞ்சினுக்குக் கூடாரத் துணியைப் போர்த்தி, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு போன்றதொரு நெருப்புக்கலத்தை வைத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சூடேற்றிய பிறகே கிளப்ப முடியும். எண்ணெய்ப்பிசுக்கேறிய எஞ்சினுக்கும் வண்ணப்பூச்சுத் துணியாலான இறக்கைக்கும் நடுவே திறந்த நெருப்பு! மெக்கானிக் அத்துணிக்குள்ளேயே குந்தியமர்ந்து அதைக் காக்க வேண்டும். கண்ணயர்ந்தாலோ, சிறிது வெளியே போனாலோ விமானம் சாம்பல். அவ்வாறு எரிந்தவை பல. இன்று மின்சாரச் சூடேற்றிகளும் நல்ல எண்ணெய்களும் வந்துவிட்டன. ஆனால் ஊரற்ற ஏரியின் நடுவே மின்சாரத்துக்கு எங்கே போவது?

எனவே எஞ்சினை ஓடவிடுவதும் ஒருவகை விவேகமே. அணைத்துவிட்டுக் கிளப்ப முடியாமற் போனால், இருட்டும் குளிரும் சூழ, பயணிகளின் உயிரே கேள்வியாகும். ஆக, விவேகத்துக்கும் விவேகமின்மைக்கும் இடையே அவர் தவறாகத் தேர்ந்தார் என்று சொல்வது நியாயமன்று. இரு விவேகங்கள் அங்கே எதிரெதிரே நிற்கின்றன. அறநெறி நூல்களின் வேடனுக்கு இந்த நெருக்கடி இல்லை. அவன் சுடாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்படியானால் பொறுப்பை எங்கே தேடுவது? நாம் இவ்வாறு கருதுகிறோம். எஞ்சினை அணைத்தால் வரும் இடரை விமானியும் பயணிகளும் சேர்ந்து சுமக்கிறார்கள். ஓடவிட்டால் வரும் இடரை வெளியே நிற்பவர் மட்டுமே சுமக்கிறார். விமானி தம் முடிவால் இடரை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாற்றிவைக்கிறார். மாற்றுவதே குற்றம் என்று சொல்ல மாட்டோம். வாழ்க்கையில் ஒருவர்க்காக ஒருவர் இடரைத் தாங்குவது அன்றாடம் நடப்பது. ஆனால் தோளில் ஏற்றப்பட்டது என்னவென்று அந்தத் தோளுக்குரியவருக்குத் தெரிய வேண்டுமே! விமானி அறிவார், ஊர்க்காரர் அறியார். "சற்றுத் தள்ளிவிடுங்கள்" என்று கேட்பவர், எங்கே நிற்க வேண்டும், எந்தக் கம்பத்துக்கு முன்னே ஓர் அடியும் வைக்கக் கூடாது, பலகை விடுபட்டதும் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாமல் விட்டதில்தான் பொறுப்பு தொடங்குகிறது என்பது நம் துணிபு. பிற்பாடு விசிறி வெட்டியதா, வெட்டவில்லையா என்பதுகூட அதை மாற்றுவதில்லை. வெட்டாமற் போன நாளிலும் அவர் அந்த அரை நிமிடத்துக்குக் கடன்பட்டவரே.

இந்தக் கடைசி வரியை வாசகர் சிலர் ஒப்பமாட்டார்கள் என்று அறிவோம். தீங்கு நேராதபோது குற்றமேது என்று கேட்பர். அவர்களுக்கு இணைச்சட்டத்தின் 22-ஆம் அதிகாரத்தைச் சுட்டுகிறோம். புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது அது. எவரேனும் விழுந்த பின்னர் எழுப்பு என்று சொல்லவில்லை.

அறியாமையையும் பேச வேண்டும். அறநெறி இறையியல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறது: நீக்க இயலாதது, முயன்றால் நீக்கக்கூடியது. முன்னது மனிதனை விடுவிக்கிறது, பின்னது விடுவிப்பதில்லை. பாடமாகப் படிக்கும்போது இப்பிரிவு உயிரற்றதாக இருக்கும். பனி மூடிய ஏரியில் அது உயிர் பெறுகிறது. ஏரியின்மேல் கனத்த பனி பெய்தால் அதன் சுமையால் உறைபனித் தளம் சற்றுத் தாழ்கிறது. விரிசல்கள் வழியே நீர் மேலேறித் தளத்தின்மீது பரவுகிறது. மேலே கிடக்கும் வெண்பனி கம்பளிபோல் அதை மூடி உறையவிடாமல் காக்கிறது. மேலிருந்து பார்த்தால் மாசற்ற வெண்மை. இறங்கினால் பலகை முழங்காலளவு சேற்றுப்பனியில் புதையும். சற்று நேரத்தில் எல்லாம் சேர்ந்து இறுகும்.

விமானிக்கு இது தெரியாது என்று விட்டுவிடலாமா? அவரிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. இறங்குவதுபோல் வந்து, நிற்காமல், பலகையால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடி மீண்டும் மேலெழ வேண்டும். ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்து தம் தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் வெண்மையாகவே இருந்தால் இறங்கலாம். கறுத்துவிட்டிருந்தால் அடியில் நீர் இருக்கிறது. சில நிமிடங்களும் சிறிது எரிபொருளும்தான் செலவு. இந்தச் சில நிமிடங்களைச் செலவிட்டவரும் செலவிடாதவரும் ஒரே ஏரியில் ஒரே வகையாகப் புதைந்தாலும், மனச்சான்றின் முன் இருவரும் ஒருவரல்லர்.

முன்னவருக்கு ஓர் எடுத்துக்காட்டை வரலாறு தருகிறது. பாப் ரீவ் என்னும் விமானி 1930-களில் அலாஸ்காவின் வால்டீஸ் துறைமுகத்தில் இருந்தார். கோடையிலும் பனியாறுகளில் இறங்க வேண்டியிருந்ததால் சறுக்குப் பலகையைக் கழற்றாமல், கடல் வற்றும் வேளையில் சேற்றுத் தரையிலிருந்தே வழுக்கி மேலெழுந்தவர் அவர். பனியாற்றில் இறங்குவதில் அன்று அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே. 1937 ஜூனில் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன், பாப் பேட்ஸ் என்னும் மலையேறுவோர் இருவரைக் கனடாவின் யூக்கான் பகுதியிலுள்ள வால்ஷ் பனியாற்றில் இறக்கினார். லுக்கேனியா என்னும் சிகரம் அவர்களின் குறிக்கோள். வட அமெரிக்காவில் அதுவரை எவரும் ஏறாதவற்றுள் உயர்ந்தது அது. குழுவில் இன்னும் இருவர் வால்டீசில் காத்திருந்தனர். ஆனால் அவ்வாண்டு அங்கே வழக்கமில்லாத வெப்பம். பனியாறே கூழாகியிருந்தது. இறங்கிய விமானம் புதைந்தது. மூவரும் தோண்டினர், தள்ளினர், மீண்டும் புதைந்தது. சில நாள்கள் இப்படியே கழிந்தன. இறுதியில் குளிர் சற்றுத் திரும்பிய வேளையில், வேண்டாதவற்றையெல்லாம் வீசியெறிந்து விமானத்தை இலேசாக்கிக்கொண்டு, ரீவ் தனியாக எழுந்து தப்பினார்.

மற்ற இருவரையும் அவர் கொண்டுவரவில்லை. உங்களை அழைத்துப்போக இங்கே மீண்டும் இறங்கமாட்டேன் என்பதும் தெளிவாயிற்று. முதற்பார்வைக்கு இது கைவிடுதல் போல் தோன்றும். அழைத்துச் சென்றவருக்குத் திரும்பக் கொண்டுவரும் கடமை இல்லையா? நாம் பலமுறை எண்ணிப் பார்த்தும் ரீவின்மேல் குறை காண முடியவில்லை. இறங்குமுன் அந்த வெப்பத்தை அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. அது நீக்க இயலாத அறியாமை. இறங்கிய பின்னர் அவருக்கு அறிவு வந்துவிட்டது. அந்த அறிவோடு, வாக்குக் கொடுத்துவிட்டோமே என்னும் மானத்துக்காக மறுபடி இறங்கியிருந்தால், அதுதான் குற்றமாகியிருக்கும். மாடு முட்டுவது தெரிந்த பிறகு அவிழ்த்துவிட்டதற்கு ஒப்பாகும். தம் நிலைமையை மறைக்காமல் சொன்னதனால் அவ்விருவரும் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்க முடிந்தது. அவர்கள் லுக்கேனியாவின் உச்சியையும் தொட்டு, ஸ்டீல் என்னும் அடுத்த சிகரத்தையும் கடந்து, நூறு மைலுக்கு மேல் நடந்து, குளுவேன் ஏரியோரத்து மனித வாழிடத்தை உயிரோடு அடைந்தனர். துணிச்சல் மிகுந்தவர் என்று பெயரெடுத்த விமானி "இனி முடியாது" என்று சொன்னதை அவருடைய துணிவின் ஒரு பகுதியாகவே நாம் கொள்கிறோம்.

இத்தகைய நிகழ்ச்சிகளை இன்று ஆய்வோர் வேறொரு நோக்கில் காண்கிறார்கள். பன்னாட்டு வான்போக்குவரத்து விதிகளின் பதின்மூன்றாம் இணைப்பு, விபத்து ஆய்வின் ஒரே குறிக்கோள் இனி வராமல் தடுப்பதே என்றும், பழி சுமத்துவது அதன் வேலையன்று என்றும் வரையறுக்கிறது. அமெரிக்காவில் 1967 முதல் செயல்படும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும், ஒவ்வொரு விபத்துக்கும் 'சாத்தியமான காரணம்' என்ற ஒன்றைத்தான் அறிவிக்கிறது. குற்றவாளி இன்னார் என்று அறிவிப்பதில்லை. வாரியத்தின் அம்முடிவை இழப்பீட்டு வழக்கில் சான்றாக வைக்கவும் அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. தண்டனைக்கு அஞ்சுபவன் உண்மையை மறைப்பான். உண்மை மறைந்தால் அடுத்த உயிரும் போகும் என்னும் மனித அறிவு இதிலே இருக்கிறது. பாவத்தை அறிக்கையிடுமிடத்தில் கேட்டது வெளியே போகாது என்னும் நம் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. நோக்கங்கள் வேறு, அடிப்படையான மனித அச்சம் ஒன்றே.

ஆனால் அந்த ஆய்விலும் ஒரு வாசல் சாத்தப்பட்டிருக்கிறது. அந்நாட்டு விதிப்படி, எவருக்கும் பெருங்காயம் இல்லாமல், தரையில் சுழல்விசிறி வளைவதும், தரையிறங்கு கால்கள் சேதமுறுவதும், இறக்கை நுனி நசுங்குவதும் மட்டும் நேர்ந்திருந்தால், அது 'கணிசமான சேதம்' ஆகாது. விபத்துக் கணக்கில் ஏறாது. பனித்தரையில் அன்றாடம் நேர்பவை பெரும்பாலும் இவையே. விதியை இயற்றியவர்களைக் குறைசொல்ல முடியாது. வளைந்த விசிறிக்கெல்லாம் ஆய்வாளரை அனுப்ப எந்த அரசாலும் ஆகாது. ஆயினும் முட்டும் மாட்டின் முதல் எச்சரிக்கைகள் அந்த வளைந்த விசிறிகளே அல்லவா? அவை எந்தக் கோப்பிலும் இல்லை. விமானியின் நினைவில் மட்டும் இருக்கின்றன. விவேகத்தின் உறுப்புகளை எண்ணும்போது அக்குவினாஸ் நினைவையும் அவற்றுள் ஒன்றாக எண்ணியிருப்பது இங்கே பொருள் பெறுகிறது. சுற்றுநோக்கு, எச்சரிக்கை, பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவு ஆகியவையும் அவருடைய பட்டியலில் உண்டு. ஏரிக்கரைக் குடிசையில் ஒரு விமானி மற்றொருவரிடம், "போன வாரம் எனக்கு இப்படி ஆயிற்று" என்று வெட்கத்தை விட்டுச் சொல்வது பெரிய அறச்செயல் என்றே சொல்வோம். சட்டம் கேட்காத இடத்தில் தானாக முன்வந்து சொல்லும் உண்மை அது.

தம் கையால் பிறருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டவர்கள் ஆயர்களிடமும் குருக்களிடமும் வருவதுண்டு. அவர்களில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார் எல்லாவற்றையும் தம் தலையில் ஏற்றிக்கொள்வர். பனி பெய்ததும் தம் குற்றம், காற்றடித்ததும் தம் குற்றம் என்பர். மற்றொரு சாரார் "விபத்து, சாமி" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வர். முதற்சாராருக்கு அடைக்கல நகரின் வழியைக் காட்ட வேண்டும். கழன்று பறந்த இரும்புக்காக வாழ்நாள் முழுவதும் தண்டனை சுமப்பது பணிவும் ஆகாது, நீதியும் ஆகாது. இரண்டாம் சாராரிடம், கோடரியின் காம்பு தளர்ந்திருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று மெல்லக் கேட்க வேண்டும். கேள்வி ஒன்றுதான். அதற்குரிய விடையை அவர் ஒருவரே அறிவார். எந்த வாரியமும், எந்த நீதிமன்றமும், எதிரே அமர்ந்திருக்கும் குருவும் அறியார்.

ஒரு கடினம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அடிபட்டவரும் அறிந்தவராக இருந்தால் என்ன சொல்வது? விசிறியின் தன்மையை அறிந்த மற்றொரு விமானி, நட்புக்காக இறங்கிவந்து கம்பத்தைக் குலுக்கும்போது அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிந்தே தோள் கொடுத்தவர் அவர். ஆகவே உள்ளிருந்தவரின் பொறுப்பு குறைகிறது என்பதில் ஐயமில்லை. முற்றிலும் அற்றுப்போகிறதா? அறிந்தவருக்கும் அந்த நொடியில் மறதி வரலாம்; அறிந்தவர் என்பதாலேயே அவருக்கு எவரும் நினைவூட்டுவதில்லை. பழக்கம் அறிவைக் கூர்மையாக்குவதைப் போலவே மழுங்கவும் செய்கிறது. இதற்கு நம்மிடம் முடிந்த முடிபு இல்லை. அறிந்தவரிடமும் அந்த அரை நிமிடத்தைச் செலவிடுவதில் இழப்பொன்றும் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலையாகிய டெனாலியில் ஏற வருவோரை இன்றும் டல்கீட்னா என்னும் சிற்றூரிலிருந்து சறுக்குப் பலகை விமானங்களே கஹில்ட்னா பனியாற்றுக்குக் கொண்டுபோகின்றன. 7,200 அடி உயரத்தில் அடிமுகாம். விமானம் சரிவில் மேல்நோக்கி இறங்கும், கீழ்நோக்கிப் புறப்படும். மேலே சென்றதும், தானாகப் பின்னே வழுக்கிவிடாதபடி சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்துவர். பெரும்பனி பெய்து ஓய்ந்த நாள்களில், ஊர் திரும்பக் காத்திருக்கும் மலையேறுவோர் பனிக்காலணி மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்து, ஓடுதளத்தைக் காலால் மிதித்து இறுக்கித் தருவதுண்டு. விமானி இன்னும் மலைக்கு அப்பால்தான் இருக்கிறார். அவர்களுள் யார் எந்த விமானத்தில் ஏறப்போகிறார் என்பதும் அப்போது தெரியாது. முதலில் வரும் விமானத்தில் தமக்கு இடமில்லாமலும் போகலாம். மிதிக்கிறார்கள்.